கூலரில் ஒரு விரிசல்

2008 ஜூலை 15, செவ்வாய்

இருபது வருஷ மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது. லாரி ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்று டிரைவர் முனுசாமி இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும், இஞ்சின் மூடிக்கடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டை மாற்றி அனுப்பினேன். இன்று ஓசூர் ரோட்டில் சூடேறி இஞ்சின் ஜாமாகிவிட்டது. பிரித்தால், புகையைக் குளிரவைத்து இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அந்த இ.ஜி.ஆர். கூலரில் விரிசல். தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. பழைய வண்டிகளில் இது கிடையாது. நான் இதுவரை கழற்றிப் பார்த்ததே இல்லை.

லாரி ஓனர் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி பாக்காம ஓட்டிருக்க. நாளைலேந்து வராத." நான் கூலரைச் சாக்கில் சுற்றி ஒளித்துவிட்டேன்.

போகும்போது முனுசாமி என்னிடம் வந்தான். "தண்ணி ஊத்தாம நான் வண்டி எடுக்க மாட்டேன். உனக்குத் தெரியும் இல்லணா?"

"தெரியும்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போதும்ணா" என்றான்.