முன் படத்தில் இருப்பது நான்

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேற்றுக் காலை வண்டி எடுக்கப் பணிமனைக்குப் போனபோது என் நடத்துநர் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். நீ வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற மருத்துவமனையின் தாள். ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம். பின் படத்தில் நீ, பளிச்சென்று. முன் படத்தில் நான். மூக்கு முதல் நெற்றி வரை வெட்டிய என் முகம். என் புருவத்துத் தழும்பு அப்படியே இருக்கிறது. உன் படத்தில் தழும்பு இல்லாததால், அதையும் லேசர் எடுத்துவிட்டது என்று ஊர் நம்பும். கீழே அச்சடித்திருக்கிறீர்கள்: ‘இமை தொங்கி, இமைமுடி சரிந்து, பாதிப் பார்வை மறைந்த நிலை. அறுவையும் லேசரும் ஒரே நாளில்.’

நடத்துநர் சிரித்தார். பணிமனை மேலாளர் சிரிக்கவில்லை. “பாதிப் பார்வை மறையுதுன்னு போட்டிருக்கு. அம்பது பேரை ஏத்திக்கிட்டு எப்படிம்மா ஓட்டுறீங்க?” என்று கேட்டு, சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. இப்போது டயர் அறையில் உட்கார்ந்து டயர் மேல் நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் இரண்டு பேருக்கும் அப்பாவின் கண். இமை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். அதற்காக என்னை உன் முகத்துக்கு முன்னுரையாகப் போடுவாயா? அந்தப் படம் பொய் என்று மேலாளருக்கு எழுது. இந்த வாரமே எழுது.

கோபத்துடன்,
உன் அக்கா


மார்ச் 9

அன்பு அக்கா,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் போய்ப் படித்தேன். வரவேற்பில் படித்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். நன்றாகத் திட்டு, உனக்கு இல்லாத உரிமையா?

நடந்ததைச் சொல்கிறேன். என் இமைமுடி கீழே வளைந்து கண்ணைக் குத்தி, எந்நேரமும் நீர் வழிவது உனக்குத் தெரியும். விளம்பரத்துக்குப் படம் கொடுத்தால் போதும், காசு வேண்டாம் என்று டாக்டர் தானாகவே செய்து தருவதாகச் சொன்னார். மேலிமைத் தோலில் கொஞ்சம் வெட்டித் தைத்தார், லேசரால் முடியை மேல்நோக்கித் திருப்பினார். கட்டுப் பிரித்த பிறகுதான் முன் படம் எடுக்கவில்லை என்று தெரிந்தது. அதை எடுப்பது என் வேலை. அன்று கட்டிலில் படுத்திருந்ததும் நான்தான் என்பதால் யாரும் எடுக்கவில்லை. டாக்டர் கத்தினார், வீட்டிலிருந்து பழைய படம் கொண்டுவரச் சொன்னார். என் படங்கள் எல்லாவற்றிலும் கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு நிற்கிறேன். போனில் உன் படம் ஒன்று இருந்தது. நம் கண்தானே என்று வெட்டிக் கொடுத்தேன். உன் வேலைக்கு வினை வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

கடிதம் மட்டும் கேட்காதே அக்கா. எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு வழி பார்த்திருக்கிறேன். உனக்கும் அறுவை, லேசர் இரண்டையும் இலவசமாகச் செய்வதாக டாக்டர் ஒத்துக்கொண்டார். பத்து நாளில் வீக்கம் வற்றிவிடும். உன் மேலாளரும் வாயை மூடிக்கொள்வார். வந்துவிடேன்.

உன் செல்லத் தங்கை,
சிட்டு


மார்ச் 14

சிட்டு,

‘அன்புள்ள’ போடக் கை வரவில்லை.

பொய்ப் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி என் முகத்தை வெட்டித் தைக்கச் சொல்கிறாய். சட்டை பிடிக்கவில்லை என்றால் உடம்பையா செதுக்குவார்கள்?

கண் மருத்துவரிடம் போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன். ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, ஓரத்தில் விளக்கு மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை. இமை பார்வையை மறைக்கவில்லை என்று சான்று கொடுத்தார். மேலாளர் அந்தச் சான்றையும் உங்கள் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “ரெண்டும் டாக்டருங்க சொன்னதுதானே? இது தப்புன்னு அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து யாராவது எழுதித் தரட்டும்” என்றார். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் என் வழித்தடம் வேறு ஓட்டுநருக்குப் போய்விடும். பிறகு ஆயுசுக்கும் எனக்கு டயர் அறைதான்.

நீ இமையைச் சரி செய்துகொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் படத்தை வெட்டினாய் என்று யோசித்தாயா? ஓரத்தில் பச்சைச் சுவர் தெரிகிறது. அம்மா போன அன்று ஆஸ்பத்திரி நடையில் நீ எடுத்த படம். நாலு நாள் தூங்காமல், அழுது அழுது வீங்கின கண் அது. நீ அப்போதுதான் வந்து சேர்ந்தாய். வந்ததும் போனை எடுத்தாய். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. அந்தக் கண்ணைத்தான் குறை என்று அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் ஆறவே மாட்டேன் என்கிறது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

எழுதிவிட்டேன். அது யாருடைய கண், என்றைக்கு எடுத்தது, யார் வெட்டியது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். நகலை டாக்டர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, “நீ கிளம்பலாம்” என்றார். இழுப்பறையைக் காலி செய்துகொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அன்று ஏன் எடுத்தேன் என்றால், அம்மா கிடந்த அறைக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே நீ உட்கார்ந்திருந்தாய். கையை என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுத்தேன். ஆனால் அதை வெட்டும்போது, என்றைக்கு எடுத்த படம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். “நல்லாத் தொங்குது, இதுதான் வேணும்” என்று டாக்டர் சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க முகமில்லை. பதில் போட வேண்டாம்.

சிட்டு


மார்ச் 22

சிட்டுவுக்கு,

பதில் போட வேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனா?

சாவி கிடைத்துவிட்டது. மேலாளர் உன் கடிதத்தை மற்ற ஓட்டுநர்கள் எதிரிலேயே உரக்கப் படித்தார். அம்மாவைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தி, தாளை மடித்துவிட்டு, “போங்கம்மா, வண்டியை எடுங்க” என்றார். எனக்கு அது போதவில்லை. அந்த விளம்பரத் தாளைக் கேட்டு வாங்கி, நடுவில் கிழித்து, என் பாதியைச் சுக்குச்சுக்காக்கிக் குப்பையில் போட்டேன். உன் பாதி என் பையில் இருக்கிறது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நேரில் பார்த்தால் அரை மணி நேரமாவது திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. வந்து சேர். தாளில் உன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் அக்கா