மீன்தொட்டி எங்கும் போகாது

என்னங்க,

நீங்கள் முதலாளி வீட்டில் புடவையைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் நான் தேவிகாபுரம் கோயிலுக்கு பஸ் ஏறியிருப்பேன். சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன்.

மீன்தொட்டியை வாங்கக் கண்ணமங்கலத்திலிருந்து நீங்கள் வரச் சொன்ன ஆள் வருவார். வெயிலில் வருகிறவர், உட்கார வைத்து மோர் கொடுங்கள். தொட்டியை மட்டும் கொடுக்காதீர்கள்.

"களகளன்னு கத்திகினே கீது, ஒரே பேஜாரு. இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று நேற்று சொன்னீர்கள். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் உட்காருகிறவருக்கு இது ஒன்றுதான் பொறுக்கவில்லை. அதற்காகக் கிளம்பும்போது, தண்ணீர் வடிகட்டுவதற்காகக் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிற குழாய் வாயில் பட்டுநூல் வேஸ்ட்டைத் திணித்துவிட்டுப் போவதா? சத்தம் நின்றது. மோட்டார் கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருந்ததில், தண்ணீர் கூடமெல்லாம் வழிந்தது. சிவப்பு மீன் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. அம்மன் புண்ணியம், பிழைத்துவிட்டது.

நூலை எடுத்துவிட்டேன். தண்ணீரோடு காற்றும் இறங்குவதால்தான் அந்தச் சத்தம். குழாயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். குழாய் நிறையத் தண்ணீர் ஓடியதும் களகளப்பு அடங்கிவிட்டது. காது வைத்துக் கேளுங்கள். வால்வில் கை வைக்காதீர்கள்.

சத்யப்ரியா

பி.கு.: அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குழாய் சும்மா இருப்பதுபோல் தெரியும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அதில்தான் இறங்கும். அதிலும் நூலைத் திணித்திருந்தீர்கள், எடுத்துவிட்டேன்.

கூடத்தை உங்கள் துண்டால்தான் துடைத்தேன். வேறு துண்டு கொடியில் இருக்கிறது.

உங்கள் பேருக்கும் அர்ச்சனை செய்கிறேன். இந்த வீட்டில் அதுவும் இருக்கும், நீங்களும் இருப்பீர்கள்.