இஸ்தான்புல் தண்ணீரின் உப்பு

உன் காரியத்தின் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் இலையின் ஓரத்தில் உப்பு வைத்தார்கள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். பக்கத்து இலைக்காரர், "வெறும் உப்ப சாப்பிடறீங்களே, சாம்பார் வந்துடும், இருங்க" என்றார். இருந்தேன். வந்தது. பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அழுகை வருமென்று எடுத்துப்போன கைக்குட்டை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது. ஒன்றும் தோன்றவில்லை. உனக்கு எழுதினால் தோன்றுமோ என்று பார்க்கிறேன்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த அந்த ஜெர்மன்காரரை வைத்துத்தான் எல்லாம் ஆரம்பித்தது. தன் ஊரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டே இங்கு வந்தவர், மஞ்சள் காமாலையில் படுத்து, விமானத்தில் திரும்பிப் போனார். வண்டியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆள் வேண்டும் என்றார். அந்த வண்டியின் இரைச்சல் புரிந்தவன் ஊரில் நீ ஒருவன்தான். பூகோள வாத்தியார் என்பதால் வழி தெரியும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டாய்.

உன் அப்பா குருக்கள். கிரிவலப் பாதையில் இருந்த அந்தச் சின்னக் கோயிலின் பூஜை முறை அவருக்குப் பின் உன்னுடையது. பகலெல்லாம் லாரி ஷெட்டில் கிரீஸ் பூசிக்கொண்டாலும், சாயங்கால விளக்குக்குக் குளித்துவிட்டு அங்கே போய் நிற்பாய். சமுத்திரம் தாண்டினவன் கர்ப்பக்கிருகத்துக்குள் போகக்கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். அதனால் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைக் காட்டினோம். அவர் திருவண்ணாமலை இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்து, டில்லி, காபூல், டெஹரான் என்று நான் சொல்லச் சொல்ல நகர்த்தி, ஜெர்மனிவரை போனார். எங்கும் நீலம் தட்டுப்படவில்லை. "எல்லாம் நிலம்தான். போயிட்டு வா" என்றார். அவர் விரல் சற்றுத் தடிமன்.

அந்தப் பயணத்தில் கற்றது என்ன என்று பிற்பாடு ஊரில் என்னை மேடையேற்றிக் கேட்டார்கள். எல்லா நாட்டு எல்லையிலும் ஒரே மாதிரி மேஜை, அதன் பின்னால் ஒரே மாதிரி கொட்டாவி என்று சொன்னேன். நீ வண்டி முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை ஈரான் அதிகாரி நெடுநேரம் சோதித்து, கடைசியில் தன் தேநீரில் பிழிந்துகொண்டதையும் சொன்னேன். சிரித்தார்கள். ஆப்கானிஸ்தானத்துப் பொட்டலில் விளக்கு வைக்கிற வேளை வந்ததும் நீ வண்டியை ஓரங்கட்டி, நம் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, தீபமில்லாமலே வலது கையை மெல்லச் சுற்றிக் காட்டுவாயே, அதைச் சொல்லவில்லை.

பிறகு இஸ்தான்புல். இந்தக் கரை ஆசியா, எதிர்க்கரை ஐரோப்பா, நடுவில் தண்ணீர். அப்போது பாலம் கிடையாது; வண்டிகளை ஏற்றிக்கொண்டு படகு போய்வந்துகொண்டிருந்தது. நான் சளைக்கவில்லை. இரண்டு கரையும் தெரிகிறது, ஆகவே ஆறு. பூகோளத்தில் இதற்கு ஜலசந்தி என்று பெயர், சமுத்திரம் இல்லை. சாஸ்திரம் எழுதியவர்கள் இந்த ஊரைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாய். விரலை நனைத்து நாக்கில் வைத்தாய்.

"கரிக்கறதுடா."

"கொஞ்சம்தானே?"

"கடல்ல கொஞ்சம், ஜாஸ்தின்னு உண்டா?"

"அப்போ திரும்பிடலாம். ஜெர்மன்காரர் ஆளு அனுப்பி எடுத்துக்கட்டும்."

"கொண்டுவந்து சேக்கறேன்னு சொல்லியிருக்கேன்டா. பாதி வழில விட்டுட்டுப் போனா, நாளைக்கு அந்தச் சன்னதில என்ன மூஞ்சிய வெச்சுண்டு நிக்கறது?"

நிற்கத் தகுதி வேண்டும் என்பதற்காக, நிற்கும் உரிமையை விட்டுவிட்டுப் படகில் ஏறினாய். நான் எதிர்க்கரையின் மசூதிகளைப் பார்த்தேன். நீ வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய், படகை நீதான் ஓட்டுவதுபோல. வண்டியை ஒப்படைத்தபோது, ஜெர்மன்காரர் நாம் திரும்ப விமானச் சீட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டாய். "ஒரு தரம் தப்பு பண்ணியாச்சுன்னு, கடல் மேல பறந்துண்டு வேற போகணுமா?" பஸ்ஸும் லாரியும் ரயிலுமாக, மறுபடி அதே படகிலுமாகத் திரும்பி வந்தோம்.

வாசலில் உன் அப்பா நின்றார். என்னிடம் மூன்று வாதங்களும் தயாராக இருந்தன.

"சமுத்திரம் தாண்டினியாடா?"

"தாண்டினேன்ப்பா."

அவர் தெருவைப் பார்த்தார். அப்புறம், "கை கால் அலம்பிண்டு வா, சாப்பிடலாம்" என்றார். எனக்கும் இலை போடச் சொன்னார். முறை உன் சித்தப்பா மகனுக்குப் போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும்.

நீ டாக்சி வாங்கினாய். பௌர்ணமியில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிவருவாய். அந்தக் கோயில் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஜனங்களோடு வரிசையில் நிற்பாய். உள்ளிருந்து தம்பி, "அண்ணா, முன்னாடி வாங்கோ" என்பான். "இருக்கட்டும்டா, இவாள்ளாம் எனக்கு முன்னாடி வந்தவா" என்பாய். உள்ளே அவன் தீபம் சுற்றிக் காட்டும்போது உன் வலது கையை நான் கவனித்திருக்கிறேன். அது சட்டைப் பையில் இருக்கும்.

ஒருநாள் அந்த வரிசையிலேயே கேட்டேன். "ஏன்டா ஒத்துக்கினே? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. நான் சாட்சி சொல்லியிருப்பேனே."

"அதுக்குத்தான் பயந்தேன். நீ ரொம்ப அழகா சொல்லுவே."

உன் மகன் உன் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்துவிட்டான். தாண்டத்தான் கூடாதாம், கலக்கலாமாம். இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை என்பது சாப்பாட்டுப் பந்தியில் தெரிந்தது. அதுவும் வலிக்கவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அதே படம்தான் இன்னும் தொங்குகிறது. நேற்று ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தரைவழியைப் பாடம் நடத்தினேன். இஸ்தான்புல்லில் விரலை வைத்தேன், எடுத்தேன். கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார்கள்.

"தெரியாது," என்றேன். "கரிக்கும்."