பிரவுனியைத் தேடிய மூன்று நாட்கள்

ஜொகூர் பாரு,
4 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலை பழகிவிட்டது. அறை கொடுத்தவர் மட்டும் நாய் கூடவே கூடாது என்கிறார். பிரவுனி என்னைத் தேடுகிறதா? இதோடு வரும் பொட்டலத்தில் அதற்கு உண்ணி மாத்திரை மூன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒன்று, சோற்றில் வைத்துக் கொடுங்கள். மலைப்பக்கம் நடந்துவிட்டு வந்தால் அதன் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அதிரா அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாளாமே, துளசி அண்ணி சொன்னார்கள். உங்கள் மகளுக்காகவாவது மறக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
பிரமிளா

ஆயர் ஈத்தாம்,
21 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை கேட் திறந்து கிடந்தது. பிரவுனி ஓடிவிட்டது. மார்க்கெட் வரை போய்த் தேடினேன். கிடைத்துவிடும், அழாதே.

அண்ணன்,
குணாளன்

ஜொகூர் பாரு,
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். லீவு மூன்று நாளும் பிரவுனியைத் தேடி உங்களை அலைக்கழித்துவிட்டேன். படத்தைக் காட்டினால் எல்லாரும் "பாக்கலியே லா, தங்கச்சி" என்றார்கள். பக்கத்து வீட்டு ஹமீதா அக்கா மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதைப் போல ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். முழங்கால் வலியோடு என்கூட நடந்தீர்களே, இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பார்?

பிரமிளா

ஆயர் ஈத்தாம்,
16 செப்டம்பர் 2024

பிரமிளா,

காய்ச்சல், தலைவலி, உடம்பில் தடிப்பு ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் போ. உண்ணி இருந்த வீட்டில் படுத்தேன் என்று சொல்.

அதிராவுக்குக் காதுவலி. டாக்டர் காதுக்குள்ளிருந்து உயிரோடு ஓர் உண்ணியை எடுத்தார். அவள் இப்போது தேவலை. நீயும் அவள் அறையில்தானே படுத்தாய். இனியும் மறைக்க முடியாது.

பிரவுனி ஓடவில்லை. உன் மாத்திரை மூன்றும் அலமாரியிலேயே கிடந்தன. ஓர் உண்ணிக்கு இவ்வளவு பாடா என்று நினைத்துவிட்டேன். சாப்பிடாமல் படுத்தது, வெயில் என்றேன். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இவ்ளோ லேட்டா கொண்டாந்திருக்கீங்களே, அண்ணே" என்றது அந்த மிருக டாக்டர் பெண். உண்ணிக் காய்ச்சலாம். மறுநாள் செத்துவிட்டது. துளசியும் பிள்ளையும் அப்போது புக்கிட் தெங்காவில், மாமியார் வீட்டில். பின்பக்கம் நானே புதைத்தேன். அவர்களிடமும் ஓடிவிட்டது என்றுதான் சொன்னேன்.

அப்புறம் நீ வந்தாய். தெருத் தெருவாக உன்னோடு நின்று "பிரவுனி, பிரவுனி" என்று நானும் கூப்பிட்டேன்.

குணாளன்

ஜொகூர் பாரு,
28 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. ரத்தமும் பார்த்தாகிவிட்டது. கட்டில் சந்து, சுவர் வெடிப்பு எதையும் விடாமல் ஆள் வைத்து மருந்தடியுங்கள். ஒரு தடவை போதாது, முட்டை பொரித்து மறுபடி வரும். அதிராவுக்கு உடம்பு சுட்டால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை கொடுக்காததைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எங்கேயாவது குரைக்குமா என்று. நீங்கள் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தீர்கள்.

தீபாவளிக்கு வரவில்லை. பிள்ளைக்குச் சட்டை தபாலில் வரும். போன் செய்யாதீர்கள்.

பிரமிளா