சாம்பிள் ஒத்தையாகத்தான் போகும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஒருநாள் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள் ரேவதி, மேசைக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் என்ற பெண். வீட்டுக்காரர் உட்கார்ந்ததும் சோபாவை விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "லெதர் இல்ல, ரெக்ஸின்" என்று என் காதில் சொன்னார். தோல் கம்பெனியிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நஸ்ரின் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "கப்பல் டூர் எத்தன பேருக்கு ஆண்ட்டி? கப்பிளா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"ஓ, சிங்கிளா?"

உங்கள் முந்தானையில் எப்போதும் ஷூ ஒட்டுகிற பசை வாசனை ஒன்று இருக்குமே, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஏ.சி. அறையில் அந்த வாசனை எங்கிருந்தோ வந்து என் மூக்கில் ஏறியது. எவ்வளவு துவைத்தாலும் போகாது. "சென்ட்டு வாங்கற காசு மிச்சம்டி" என்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆம்பூரில் நம் வீடுகளுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். நீங்கள் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தீர்கள். இடது காலையும் வலது காலையும் சேர்த்துப் பார்த்து, தோலின் நிறமும் தையலும் ஒத்துப்போனால்தான் பெட்டிக்குள் வைப்பீர்கள். ஜோடி கிடைக்காமல் நிற்கிற ஷூவுக்கு அங்கே சிங்கிள் என்று பெயர். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்த உங்களை ஊரே அந்தப் பெயரில் கூப்பிட்டதையும் நீங்களேதான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

எங்கள் ரேவதிக்குக் காது குத்திய அன்று பந்தியில் நடந்தது நினைவிருக்கிறதா? திமிரியிலிருந்து வந்திருந்த என் பெரிய நாத்தனார் உங்களுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, ஊரே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, ஊரான் காலுக்கெல்லாம் ஜோடி சேக்கற. நீ மட்டும் சிங்கிளாவே சுத்திக்கினு இருக்கியே?"

எனக்கு இலைக்கு முன்னால் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"அக்கா, எங்க கம்பெனியில ஜோடிங்க எல்லாம் பெட்டிக்குள்ள அடைஞ்சிகினு, ஒண்ணுமேல ஒண்ணு படுத்துகினு கப்பல்ல போவும். சாம்பிள் மட்டும் ஒத்தையா ஏரோப்ளேன்ல போவும். அதப் பாத்துட்டுத்தான் வெள்ளக்காரன் ஆர்டரே குடுப்பான். நான் சாம்பிளு, அக்கா."

பந்தியே சிரித்தது. நாத்தனாரும் "இந்த வாய வெச்சிக்கினு எவன் ஊட்ல காலம் தள்ளுவ?" என்று சிரித்துவிட்டு, உங்கள் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது உங்களைக் கேட்டேன். நிஜமாகவே ஒரு கால் மட்டும்தான் அனுப்புவார்களா?

"சத்தியமாடி. ரெண்டு காலையும் அனுப்பினா எவனாச்சும் மாட்டிக்கினு போய்டுவான்."

ஷிப்மெண்ட் இருக்கிற வாரங்களில் நீங்கள் வீடு திரும்ப நேரமாகும். ரசமும் சோறும் எடுத்துவைப்பேன். ஷிப்மெண்ட் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு டூரிஸ்ட் பஸ்ஸில் கிளம்பிவிடுவீர்கள். கோவா, ஹம்பி, கன்னியாகுமரி, எங்கே போனாலும் தனியாகத்தான். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பீர்கள். நான் உங்கள் வீட்டுச் சாமிக்கும் சேர்த்து விளக்கேற்றுவேன். திரும்பி வந்ததும் ஒரு புகார் வரும்: "எங்கூட்டு சாமியக் கெடுத்து வெச்சிட்ட. உன் கையால வெளக்கு பாத்துட்டு, இப்ப நான் ஏத்தினா மூஞ்சியத் திருப்பிக்குது."

ஒரு தடவை எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்த என்னை உங்களோடு டூரிஸ்ட் பஸ் ஆபீசுக்கு இழுத்துப் போனீர்கள். அங்கே இருந்தவர் வாயெல்லாம் பல்லாக, "ஏ.சி. இருக்குக்கா, புஷ்பேக் சீட்டு இருக்குக்கா, டிவி இருக்குக்கா" என்று அடுக்கினார்.

"அதான் நோட்டீஸ்லயே போட்டுட்டியே. போடாதத சொல்லு. ராத்திரி பஸ் நின்னா வெளிச்சத்துல நிக்குமா? தனியா வர்ற பொம்பளைய யார் பக்கத்துல உக்கார வெப்ப? தங்கற ரூம்ல தாப்பா உள்பக்கம் இருக்கா?"

எல்லாவற்றுக்கும் அவர் "இருக்குக்கா, இருக்குக்கா" என்று தலையாட்டினார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். பக்கத்து ஆபீசில் ஒரு சின்னப் பையன் இருந்தான். அவன் உங்கள் கேள்விகளுக்கு முழித்துவிட்டு, "தெரியலக்கா, டிரைவரக் கேட்டு சொல்றேன்" என்றான். அவனிடம்தான் பணம் கட்டினீர்கள். "தெரியலன்னு சொல்றவன் வண்டியில ஏறலாம்டி" என்றீர்கள்.

நான் உங்களைப்போல் ஊர் சுற்றியவள் இல்லை. குடியாத்தத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு, இப்போது மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று வேலூருக்கு வந்திருக்கிறேன். என் பிரயாணம் அவ்வளவுதான். தினமும் காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போய்ச் சூரியனைக் கும்பிடுகிறேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அவர் தலைகாட்டும்போது வெயில் ஏறிவிட்டிருக்கும். ஒரே ஒரு தடவை, அவர் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதை நடுவில் எதுவும் மறைக்காமல் பார்க்கவேண்டும். ஆசை இவ்வளவுதான் அக்கா. வீட்டுச் செலவில் பிடித்த மிச்சம் கையில் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஏலகிரி ஏரி படகுலயே வாந்தி எடுத்தவன் நான். நீ போய்ட்டு வா, நான் தடுக்கல" என்றுவிட்டார்.

திமிரி நாத்தனாருக்குச் செய்தி எப்படித்தான் எட்டியதோ, போன் வந்துவிட்டது. "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஒத்தையில கப்பல் ஏறுவியா? ஊர்ல இன்னா பேசுவாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் போனை வாங்கி, "நான்தான்கா அனுப்பறேன். சாம்பிளு" என்றார். அந்தப் பக்கம் நாத்தனார் சிரிக்கிறது கேட்டது. "அவ செத்தும் அவ வாய் சாவல" என்றார். அக்கா, அன்று நானும் சிரித்தேன், அழுதும்விட்டேன்.

இனி கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஏறி, இலங்கைப் பக்கம் போய்த் திரும்புகிற கப்பல்களில் மூன்றை நஸ்ரின் காட்டினாள். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, இத்தனை வகைச் சாப்பாடு என்று அவள் ஆரம்பித்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அதெல்லாம் படத்துலயே இருக்கும்மா. தனியா சாப்பிட வந்தா என்னை எங்க உக்கார வெப்பாங்க?"

ரேவதி என் தொடையைக் கிள்ளினாள். நான் விடவில்லை. ரூமில் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்குமா? உடம்பு சரியில்லை என்றால் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் வருமா? விளக்கேற்றலாமா? கிழக்கு எந்தப் பக்கம் இருக்கும்?

கடைசிக் கேள்விக்கு நஸ்ரின் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "கப்பல் திரும்பிக்கினே இருக்கும் ஆண்ட்டி. கிழக்கு ஒரு எடத்துல நிக்காதுல்ல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிழக்கு பார்த்து விளக்கு வைத்தவள் நான். இத்தனை வயதில் இப்படி ஒன்றை யோசித்ததே இல்லை. மற்ற கேள்விகளுக்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியல ஆண்ட்டி. கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டு சொல்றேன்." அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நெருப்பு கூடவே கூடாதாம், ஊதுபத்திகூட ஆகாதாம். முதல் கப்பல் பெரியது, பேர்பெற்றது. ஆனால் அங்கே ஒரு ஆளுக்கென்று அறை கிடையாது. தனியாகப் போனாலும் இல்லாத ஆளுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும். "அந்தக் காலிக் கட்டில்ல உன் பைய படுக்க வெச்சிக்கோ" என்றார் வீட்டுக்காரர். சாப்பாட்டுக்கு எங்கே உட்காரவைப்பார்கள் என்ற கேள்விக்கு, "இடமிருந்தால் எங்கேயும்" என்று பதில் சொன்னார்களாம். அதை விட்டுவிட்டேன். இரண்டாவதில் தனி ஆளுக்கென்றே ஒற்றைக் கட்டில் அறை உண்டு, தாழ்ப்பாளும் உள்பக்கம்தான். ஆனால் ஜன்னல் கிடையாது, கப்பலின் நடுவயிற்றில் இருக்கிறது. மூன்றாவதில் தனியாக வருகிற பெண்களை இரண்டு இரண்டு பேராக ஒரே அறையில் போடுவார்களாம். கடல் தெரிகிற ஜன்னல் உண்டு. சாப்பாட்டு ஹாலில் தனியாக வந்தவர்களுக்கென்று ஒரு வட்ட மேசையும் போட்டிருக்கிறார்களாம். அறையில் கூட இருக்கப்போவது யார் என்பது மட்டும் ஏறின பிறகுதான் தெரியும்.

ரேவதி இரண்டாவதுதான் என்று பிடிவாதமாக இருந்தாள். "முன்னப்பின்ன தெரியாதவங்ககூட எப்படிம்மா தூங்குவ? சூரியனப் பாக்கணும்னா மேல்தளத்துக்குப் போய்க்கலாம்." அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் விடிவதற்கு முன்னால் எழுந்து முணுமுணுவென்று பாராயணம் செய்கிறவள். கூட இருக்கிறவர்களுக்கு அது பேஜார்தான். சாமி முன்னால் இரண்டு கப்பல் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒரு பக்கமும் சாயவில்லை.

நீங்கள் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. தனி அறைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். நீங்கள் பொது வார்டில்தான் இருப்பேன் என்றுவிட்டீர்கள். நான் கோபித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கத் தனியாக இருந்தவருக்கு இத்தனை பேர் இருமுகிற இடம் எதற்கு என்று கேட்டேன்.

"தனியா போறதுக்கு நான் என்னிக்கும் பயந்ததில்லடி. தனியாப் படுத்துக் கெடக்கத்தான் ஆவாது."

உங்கள் பிரயாணக் கதைகளும் அப்படித்தான். கோவா எப்படி இருந்தது என்று கேட்டால் "கடல் இருந்துச்சு" என்பதோடு கோவா முடிந்துவிடும். அப்புறம் பக்கத்து சீட்டு அம்மாள் தூங்கப்போகும் முன் பல்செட்டைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு" என்ற கதை ஒரு மணி நேரம் ஓடும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். ஊரைப் பார்த்ததைவிட ஆளைப் பார்த்ததுதான் உங்களுக்கு ஜாஸ்தி.

மூன்றாவதற்கே பணம் கட்டிவிட்டேன் அக்கா. பாராயணத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சாமிக்குக் காது இருக்கிறது.

வீட்டுக்காரர் ஒரு வாரமாக விளக்கேற்றப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் எண்ணெயை அகல் வழிய ஊற்றித் திரியை மூழ்கடித்துவிட்டார். "இத்தன வருஷம் எத்தன டன் தோல் பதம் பாத்திருப்பேன், இந்த நூலு பதம் தெரியலியே" என்றார். நேற்று நன்றாக எரிந்தது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். நான் இல்லாமலும் இந்த வீட்டில் விளக்கு எரியும் என்று தெரிந்தபோது வருத்தமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. இந்தத் துணிச்சலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்ததுதான். நன்றி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "நன்றியா? இது இன்னாடி கவர்மென்ட் ஆபீசா?" என்றிருப்பீர்கள். இருந்தாலும் இப்போது சொல்கிறேன். நன்றி அக்கா. எங்கே போனாலும், நோட்டீஸில் போடாததைக் கேட்கிற அந்தப் பழக்கம் என்னோடு வருகிறது.

ஆனால் உங்களிடமே கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம், பையை இறக்கிவைத்ததும், பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பெண் கேட்பாள்: "கூட யாரும் வரலீங்களா?" நாத்தனாருக்கு நீங்கள் சொன்னது, குத்திக் கேட்டவர்களுக்கான பதில். இவள் குத்திக் கேட்கமாட்டாள், அக்கறையாகக் கேட்பாள். அவர் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார் என்றால் நம்புவாளா? அவருக்குக் கப்பல் பிடிக்காது என்றால், ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வாளா? பொய் சொல்ல எனக்கு வராது. ஒவ்வொரு பஸ்ஸிலும் உங்களை யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் பேசியதை எல்லாம் எனக்குச் சொன்னீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று மட்டும் சொல்லவே இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கப்பல். கனவிலோ, விளக்கு வைக்கும்போது மனதிலோ, எப்படி முடியுமோ அப்படிச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள் அக்கா.