ஆறு கோலும் நான் போட்ட சத்தமும்

என் கண்ணான ஆஷுராவுக்கு, தெமேகேயிலிருந்து அம்மா எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மஸ்கட்டில் உன்னை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டில் மரியாதையாக நடத்துகிறார்களா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தை நாளை அங்கே வரும் மரியமுவிடம் கொடுத்தனுப்புகிறேன், போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தை நீயும் பார்த்திருப்பாய். நம் மண்ணில், நம் ஜனம் அத்தனை பேர் முன்னால் ஆறு கோல்! இத்தனை வருஷம் உதை வாங்கி உதை வாங்கி இப்போதுதான் நாலு நாட்டுக்காரன் நம்மைத் திரும்பிப் பார்க்கிறான், அதற்குள் இப்படி. கோல் காப்பது உன் தம்பி ஷபானி என்பதால் தெருப் பெண்கள் நாற்பது பேரும் இடுப்பில் சுற்ற ஒரே மாதிரி கங்காத் துணி எடுத்தோம், துணியில் என்ன வாசகம் அச்சடிப்பது என்பதை என்னிடம் விட்டார்கள். ஆட்டம் முடியட்டும் என்று பொறுத்தேனா நான்? 'எங்கள் கதவு திறக்காது' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். இப்போது எதிர்வீட்டுத் தாத்து, நான் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம், "என்ன ஸுஹுரா, ஆறு பேரு குரல்கூடக் குடுக்காம உள்ள வந்துட்டானுகளாமே, டீ கீ குடுத்தியா?" என்கிறாள். பாவி, அவளும் அதே துணியைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்!

அதெல்லாம் போகட்டும். உன் தம்பி உகாலிக் களியை இரண்டு உருண்டை விழுங்கிவிட்டுக் கை கழுவிவிடுகிறான். வெள்ளிக்கிழமை எதிரணியின் ஊரில் மறு ஆட்டம், வியாழன் காலை விமானம், "நான் போகல, இனிமே கையுறை போடல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். போகாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் அவனை அணியில் எடுக்க மாட்டார்கள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டாம் பாதியில் அவன் நின்றது எங்களுக்கு நேர் முன்னால். ஐந்தாவது கோல் விழுந்ததும் ஜனம் "ஷபானி, வீட்டுக்குப் போயி கஞ்சி காய்ச்சுடா" என்று கத்தியது. பக்கத்து வரிசை ஆட்கள் எங்கள் துணியைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானம் தாங்கவில்லை ஆஷுரா. ஆறாவதும் விழுந்தபோது நானும் எழுந்து கத்திவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

இன்று காலை அவன் முன்னால் உட்கார்ந்து, "நாந்தான்டா கத்தினேன், மன்னிச்சிரு" என்றேன். அவன் கோபப்படவில்லை. "தெரியும்மா. அத்தன பேரும் என் பேரச் சொல்லித்தான் திட்டினாங்க. நீங்க மட்டும் 'அந்தப் பயல வெளிய அனுப்புங்க'ன்னீங்க. யாரோ பெத்த புள்ள மாதிரி" என்றான். அவன் சொன்னது உண்மை. நான் அவன் தாய் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் கத்தினேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும், நல்ல இடத்தில் வாழ்க்கை அமையட்டும். வெயிலில் தலையை மூடாமல் போகாதே. புதன்கிழமை ராத்திரிக்குள் தம்பியைப் போனில் கூப்பிடு. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். எடுத்தவுடன் ஷபானி என்று பேர் சொல்லிக் கூப்பிடு, அது போதும். நான் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை.

உன் அம்மா,
ஸுஹுரா