எருக்குழிமேல் கட்டிய அடுப்பு

புரட்டாசி, செவ்வாய் இரவு.

இன்று கொல்லையில் இருந்தவர்கள் நான், மகள் செல்வி, மகன் கண்ணன், கொழுந்தன் தங்கராசு.

நெல் அவிக்க அங்கே செங்கல் அடுப்பு கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய எருக்குழியை மூடிய இடம் அது. கெட்டித் தரை வரும்வரை தோண்டி, மணல் கொட்டி இறுக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். நானும் சொன்னேன். "அடுப்புக்கு என்னா கோபுரத்துக்குத் தோண்டுற மாதிரி தோண்டச் சொல்றீங்க அண்ணி?" என்று கொழுந்தன் சிரித்தார். முழங்கால் ஆழத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நேற்றைய மழையில் மண் ஊறிவிட்டது. இன்று அண்டா கொதிக்கும்போது அடுப்பு ஒரு பக்கமாக உள்ளே இறங்கியது. வெந்நீர் அத்தனையும் செல்வியின் காலில். கொலுசைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது.

அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன், "புருஷன் வீட்லயும் இப்படித்தான் வேல பாத்தியா? அதான் அனுப்பிட்டாங்க" என்றார். அந்த வாய் என்றைக்கும் அப்படித்தான். கண்ணன் அடுப்பைக் குனிந்து பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. "ஆமா சித்தப்பா, தள்ளி நிக்கக்கூட தெரியல இவளுக்கு" என்றான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்துவந்தேன். பக்கத்தில் முனகிக்கொண்டு கிடக்கிறாள். கொழுந்தனை என்றைக்காவது விட்டாலும் விடுவேன். நான் பெற்ற கண்ணனை மன்னிக்க மாட்டேன்.